எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிய பிறகு ஜீப் கொதிக்கிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு. வண்டி மஹிந்திரா எம்.எம். 540, பியூஜோவின் 2,112 சி.சி. டீசல் எஞ்சின். மைலேஜ் கூடும் என்று பெல்ட்டில் சுற்றும் ஃபேனையும் அதைச் சுற்றியிருந்த ஷ்ரவுட் என்கிற தகரக் கூட்டையும் கழற்றிவிட்டு, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் 14 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருக்கிறீர்கள். அட்டைப்பெட்டியில் 12 வோல்ட், 80 வாட் என்று போட்டிருக்கிறது. நான்கு பிளாஸ்டிக் டையால் ரேடியேட்டரின் கோரிலேயே (தண்ணீர்க் குழாய்களும் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி) கட்டி, டேஷ்போர்டு சுவிட்சில் கனெக்‌ஷன் கொடுத்தாகிவிட்டது. பைபாஸில் 70-ல் போனால் டெம்பரேச்சர் மீட்டரின் முள் நடுவில் நிற்கிறது. ஊருக்குள் சிக்னலில் நின்றால் மெல்ல ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பாதி வழியில் கொதித்துவிடுகிறது. தண்ணீர் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். கழற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

கழற்ற வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், கோளாறு தண்ணீர்ப் பக்கமா, காற்றுப் பக்கமா என்று தெரிய வேண்டும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு எல்லாம் தண்ணீர்ப் பக்கம். ஃபேன், ஷ்ரவுட், ஒயரிங் எல்லாம் காற்றுப் பக்கம். வண்டி வேகமாக ஓடும்போது சூடு அடங்குகிறது, நின்றால் ஏறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் காற்றுப் பக்கம்தான். வேகமாகப் போகும்போது ஃபேனே தேவையில்லை. எதிர்க்காற்றே கோருக்குள் புகுந்து வேலையை முடித்துவிடும். பெல்ட் ஃபேன் இருந்தவரை வராத தொந்தரவு, அதை எடுத்த பிறகு வந்திருக்கிறது என்பதும் அதையேதான் சொல்கிறது.

மலையில் கொதிப்பதைவிட, சிக்னலில் நிற்கும்போது முள் ஏறுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான துப்பு. ஐட்லிங்கில் இந்த எஞ்சின் குடிக்கும் டீசல் மணிக்கு ஒரு லிட்டருக்கும் கீழே. அதில் தண்ணீருக்குப் போகும் வெப்பம் தோராயமாக இரண்டு, மூன்று கிலோவாட்தான். அதைக் காற்றில் இறக்க நிமிடத்துக்கு 120 முதல் 150 கன அடிக் காற்று போதும். எவ்வளவு மட்டமான 80 வாட் ஃபேனும் அதைத் தள்ளிவிடும். எனவே நிற்கும்போதே சூடு ஏறுகிறது என்றால் 'ஃபேன் சிறிது' என்ற காரணம் மட்டும் போதாது. ஒன்று, ஃபேன் தப்பான பக்கம் காற்றைத் தள்ளுகிறது. இல்லை, அதற்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ் சேரவில்லை. இவை இரண்டும் இல்லையென்றால் முள்ளே பொய் சொல்கிறது.

மலை ஏற்றத்தின் கணக்கு வேறு. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடை, 8 சதவீத ஏற்றம், மணிக்கு 25 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் எஞ்சின் கொடுக்கும் சக்தி ஏறக்குறைய 15 கிலோவாட் வரும். இந்த மாதிரி பழைய டீசலில் ஏறக்குறைய அதே அளவு வெப்பம் தண்ணீருக்கும் போகும். கோருக்குள் போய் வரும் காற்று 40 டிகிரி சூடாகி வெளியேறுகிறது என்றால், நிமிடத்துக்கு 700 கன அடிக் காற்று வேண்டும். 80 வாட் மோட்டாரின் கரண்ட் முழுவதும் காற்றாக மாறுவதில்லை. மோட்டாரிலும் இறக்கையிலும் போனது போக மிஞ்சுவது 20 வாட் அளவுதான். அந்த 20 வாட்டை வைத்துக்கொண்டு நெருக்கமான கோர் வழியாக 400 கன அடியைத் தாண்டுவது கஷ்டம். அட்டைப்பெட்டியில் 1,500 என்றோ அதற்கு மேலோ போட்டிருக்கலாம். அது முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் வெறும் வெளியில் சுற்றும்போது அளந்த கணக்கு. என் எண்கள் எல்லாம் மதிப்பீடுதான். 20 சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆனால் 700-க்கும் 400-க்கும் உள்ள இடைவெளியை அந்தப் பிழை அடைக்காது. ஆகவே மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஃபேனை மட்டும் நம்பி குன்னூர் ஏற முடியாது. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

முதல் சோதனைக்கு ஒரு செய்தித்தாள் போதும். எஞ்சின் ஆறியிருக்கட்டும், ஓட வேண்டாம். ஃபேனை மட்டும் போட்டுவிட்டு, தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் பறந்து வந்தால் ஃபேன் முன்னோக்கி ஊதுகிறது. அதோடு நிறுத்தாமல், ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் பக்கத்திலும் ஒரு மெல்லிய தாள் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்; அது எஞ்சினை நோக்கிச் சாய வேண்டும். கடையில் விற்கும் பொது ஃபேன்களில் பல, ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டி காற்றை இழுப்பதற்காகச் சேர்க்கப்பட்டு வருபவை. அதை அப்படியே முன்பக்கம் கட்டினால், கோரிலிருந்து காற்றை இழுத்து கிரில் வழியாக வெளியே துப்பும். நிற்கும்போது எஞ்சின் அறையின் சூடான காற்றே கோருக்குள் போகும். 20, 25-ல் மலை ஏறும்போது எதிர்க்காற்று உள்ளே தள்ள, ஃபேன் வெளியே தள்ள, இரண்டும் மோதிக் கோரில் காற்றே அசையாமல் நிற்கும். 70-ல் எதிர்க்காற்று ஜெயித்துவிடும். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் இதோடு அச்சாகப் பொருந்துகின்றன. அதனால்தான் என் முதல் சந்தேகம் இங்கே.

திசை தப்பாக இருந்தால் ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்றும் திரும்பும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். இறக்கை நேர்த்தகடாக இருந்தால் அது போதும். வளைந்த இறக்கை என்றால், குழிந்த பக்கம் காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஒயரை மட்டும் மாற்றினால் குப்புறக் கவிழ்த்த கரண்டியால் தண்ணீர் மொள்ளும் கதைதான். இறக்கையைத் தண்டிலிருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போடுவதால் மட்டும் காற்றின் திசை மாறாது, ஒயரை மாற்றினால் மட்டும் பழைய வேகம் வராது. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். அதன் பிறகு மறுபடி தாளைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு மல்டிமீட்டர் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஃபேனைப் போட்டு, ஃபேன் ஒயரை இணைக்கும் கப்ளரில் வோல்டேஜ் பாருங்கள். பிறகு பேட்டரி முனையில் பாருங்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் ஒயர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் 13 வோல்ட் காட்டும், உங்களை ஏமாற்றிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்டைத் தாண்டினால் எங்கே தின்கிறது என்று தேட வேண்டும். 1 சதுர மி.மீ. ஒயரில், போக வர ஐந்து மீட்டர் என்றால், 6 அல்லது 7 ஆம்பியருக்கே அரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பழைய டேஷ்போர்டு சுவிட்சின் கருத்துப்போன முனைகள் அதற்கு மேல் தின்னும். ஃபேனின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் அளந்து பாருங்கள். அங்கே 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட் அடித்த தகரத்தில் ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்திருந்தால் நிச்சயம் காட்டும். வோல்டேஜ் குறைந்தால் ஃபேனின் சுற்றும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும், காற்றும் குறையும். அழுத்தமோ சுற்றின் வர்க்கப்படி இறங்கும். அடர்ந்த கோரைத் துளைத்துப் போக அந்த அழுத்தம்தான் வேண்டும்.

பேட்டரியிலேயே 13.5-க்குக் கீழே இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பழைய ஜீப்களில் ஆல்டர்னேட்டர் சிறியது. அதன் உடம்பில் பொறித்திருக்கும் ஆம்பியர் எண் முழுச் சுற்றுக்கானது. ஐட்லிங்கில் பாதிகூட வராது. இரவில் ஹெட்லைட் மட்டும் 9, 10 ஆம்பியர் எடுக்கும். ஹெட்லைட், ஃபேன், ஹார்ன் எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து உறிஞ்ச ஆரம்பித்தால் வோல்டேஜ் 12-க்கு இறங்கி, ஃபேன் தேவைப்படும் நேரத்தில்தான் சோம்பும்.

மூன்றாவது, முள்ளை நம்பலாமா என்று பாருங்கள். ஓடும் வண்டியில் ஃபேன் சுவிட்சைப் போட்ட அதே நொடியில் முள் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ அது வெப்பம் அல்ல. பத்து லிட்டர் தண்ணீர் ஒரு நொடியில் சூடாகாது. மீட்டரும் ஃபேனும் ஒரே எர்த்தைப் பங்குபோட்டுக்கொண்டு, ஃபேன் எடுக்கும் கரண்ட் மீட்டரை இழுக்கிறது என்று அர்த்தம். ஃபேனுக்குத் தனி எர்த் ஒயர் பேட்டரிவரை இழுத்தால் தீர்ந்துவிடும். உங்கள் வண்டி மலையில் உண்மையாகவே கொதித்திருக்கிறது, அதனால் இது முழுக் காரணமாக இருக்காது. ஊருக்குள் ஏறுவதாகத் தெரிவதில் ஒரு பங்கு இருக்கலாம்.

இனி, பழைய ஃபேனைக் கழற்றும்போதே பிறக்கும் ஒரு கோளாறு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெல்ட் ஃபேனும் வாட்டர் பம்ப் புல்லியும் பொதுவாக ஒரே நான்கு போல்ட்டில்தான் நிற்கும். ஃபேன், அதன் பின்னால் ஸ்பேசர், பிறகு புல்லி. ஃபேனையும் ஸ்பேசரையும் எடுத்துவிட்டுப் பழைய நீளப் போல்ட்டையே போட்டு முறுக்கினால், போல்ட் அடியில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் புல்லி பிடித்திருக்காது. லோடு வரும்போது புல்லி வழுக்கும், போல்ட் துளை நீள்வட்டமாகத் தேயும், பம்ப் சுற்று குறையும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் புல்லியைக் கையால் முன்பின் அசைத்துப் பாருங்கள். அசைவு இருந்தால், எடுத்த கனத்துக்குச் சரியாகக் குட்டைப் போல்ட் போடுங்கள். மரை குறைந்தது போல்ட்டின் விட்டத்தளவு உள்ளே போக வேண்டும். வாஷரை அடுக்கிச் சரிக்கட்டுவது தற்காலிகத்துக்குத்தான். பெல்ட் இறுக்கத்தையும் அப்போதே பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10, 12 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் வந்த பிறகு ஆல்டர்னேட்டரின் பாரம் கூடியிருக்கிறது. முன்பு தாங்கிய தளர்ச்சியை இப்போது அந்தப் பெல்ட் தாங்காது.

இந்த வேலைக்காகத் தண்ணீரை இறக்கினீர்களா என்று எழுதவில்லை. இறக்கியிருந்தால் ஏர்லாக், அதாவது தண்ணீர் வழியில் காற்று சிக்கி நிற்பது, இருக்க வாய்ப்புண்டு. வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டு, குமிழி நின்ற பிறகு நிரப்புங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்துவையுங்கள். எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் ஒருமுறை இறங்கும். அப்போது மறுபடி நிரப்பி மூடிவிட வேண்டும்.

தண்ணீர்ப் பக்கத்தை நான் முழுவதாக விடுவிக்கவில்லை. 70-ல் சமதளத்தில் முள் நடுவில் நிற்பதால் ரேடியேட்டர் மிகச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஓரளவு அடைப்பு இருந்தாலும் பைபாஸில் அது மறைந்துவிடும், ஏற்றத்தில்தான் வெளிப்படும். போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிந்திருப்பது சகஜம். இதைப் பிரித்தறிய நல்ல வழி, மேல் தொட்டிக்கும் கீழ்த் தொட்டிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளப்பது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. பளபளக்கும் பித்தளையில் அடித்தால் தப்பாகக் காட்டும், அதனால் இரண்டு தொட்டியிலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அடியுங்கள். லோடில் ஓடி வந்து நிறுத்திய உடனே, எஞ்சினை ஓடவிட்டபடி அளக்க வேண்டும். மேலே 98, கீழே 93 என்று இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுக்கவில்லை. மேலே 98, கீழே 65 என்று பெரிய இடைவெளி இருந்தால் காற்று போதும், தண்ணீர்தான் ஓடவில்லை: அடைப்பு, பம்ப், பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட் இவற்றில் ஒன்று. சாதாரணமாக 8 முதல் 15 டிகிரி இருக்கும். கோரின் முகத்தில் இடம் இடமாக அடித்துப் பார்க்கும்போது ஒரு பகுதி மட்டும் கை வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி ஆற நேரம் கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் கூடுதல் வெப்பத்தைத்தான் இறக்கும். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லும் காரணம் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, திறந்த நிலையில், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீரை எஞ்சினுக்கே திருப்பும் பை-பாஸ் வழியை அடைக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் பை-பாஸ் நிரந்தரமாகத் திறந்து, ஒரு பங்கு சூடான தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும். மற்ற நேரத்தில், அதுவும் குன்னூர்க் குளிரில், எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. புகையும், டீசலும் கூடும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். மைலேஜுக்காக ஆரம்பித்த வேலை மைலேஜைத் தின்றுவிடும். அதன்மேல் சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதிப்பதில் தவறில்லை. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுவதும், அதாவது ஏறக்குறைய 8 மி.மீ., திறக்க வேண்டும். திறக்கத் தாமதித்தாலோ பாதியில் நின்றாலோ புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள். வெறும் துளையாக விடாதீர்கள்.

மலை வண்டிக்கு ரேடியேட்டர் மூடி மற்ற இடங்களைவிட முக்கியம். உயரம் கூடக்கூட, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் அது 94 அளவு, ஊட்டியில் 92, 93. தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்கும் சூடே அதுதான். மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.-க்கும் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் கொதிநிலையை உயர்த்தும்; 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காகப் பிடித்தால் 11, 12 டிகிரி கிடைக்கும். ரப்பர் வெடித்த மூடி என்றால் அதுவும் கிடையாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாமலே தண்ணீர் கொதித்துப் பொங்கும், நீங்கள் ஃபேனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள். சந்தேகம் இருந்தால் அதே அழுத்த அளவில் புதிது வாங்கிவிடுங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டரில் 30 முதல் 50 சதவீதம் கூலண்ட் கலந்தால் கொதிநிலையும் சில டிகிரி ஏறும், துருவும் சுண்ணாம்பும் தள்ளிப்போகும். 60 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கூலண்ட் கூடினால் வெப்பம் சுமக்கும் திறன் குறையும்.

எத்தனை முறை கொதித்தது என்றும் நீங்கள் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை நன்றாகக் கொதித்திருந்தால், காற்றுப் பக்கத்தை எல்லாம் சரிசெய்த பிறகும் ஹெட் கேஸ்கட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு) ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்போல விறைத்தால் அல்லது ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழி வந்தால் கேஸ் கசிகிறது. இது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று சொல்லவில்லை. எழுத்தில் படித்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருந்தால் எந்த ஃபேன் மாட்டினாலும் கொதிக்கும்.

இனி எதை மாட்டுவது என்ற கேள்வி. வாரம் ஒருமுறை மலை ஏறும் டீசல் ஜீப்புக்கு, பழைய பெல்ட் ஃபேனையும் பழைய ஷ்ரவுடையும் திரும்ப மாட்டுங்கள் என்பதே என் கருத்து. ஏற்றத்தில் சின்ன கியரில் எஞ்சின் சுற்று மேலே நிற்கும். பெல்ட் ஃபேன் அதோடு சேர்ந்து சுற்றும். மெதுவாகப் போகும்போது அதிகக் காற்று என்ற, இந்த ரோட்டுக்கு வேண்டிய குணம் அதற்கு இயல்பாகவே இருக்கிறது. எலக்ட்ரிக் ஃபேன் சும்மா கிடைக்கும் சக்தியில் ஓடுவதில்லை. 20 ஆம்பியர் எடுக்கும் ஃபேனுக்காக ஆல்டர்னேட்டர் எஞ்சினிடம் பிடுங்குவது முக்கால் குதிரைத்திறன் அளவு. பைபாஸில் ஃபேன் நின்றிருக்கும் நேரத்தில் கிடைக்கும் லாபம் உண்மைதான். ஆனால் மூக்கு தட்டையான, எடை கனத்த இந்த வண்டியில் காற்றும் எடையும் தின்னும் டீசலோடு பார்த்தால் அது சில்லறை. ஆற்றில் இறங்கும் ஜீப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன் நியாயமான தேவை. தண்ணீரில் பெல்ட் ஃபேனின் இறக்கை முன்னோக்கி வளைந்து கோரைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு, எலக்ட்ரிக் என்றால் நிறுத்திவிட்டு இறங்கலாம்.

எலக்ட்ரிக்தான் வேண்டும் என்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். 16 அங்குலம், உண்மையாகவே 18 முதல் 22 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் காற்றுக் கணக்கை விடுங்கள், ஆம்பியரைக் கேளுங்கள். காற்றைத் தள்ளும் சக்தி அங்கேதான் தெரியும். கடையில் கிடைக்கும் மெல்லிய புதிய ஃபேனைவிட, சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி பழைய சாமான் கடைகளில் பெரிய டீசல் கார்களிலிருந்து கழற்றிய, ஷ்ரவுடோடு கூடிய ஒரிஜினல் ஃபேன் எவ்வளவோ மேல். வாங்கும்போதே பேட்டரியில் கொடுத்து பேரிங் சத்தம் கேட்டுவிடுங்கள். முன்பக்கம் வேண்டாம், ரேடியேட்டருக்குப் பின்னால், இழுக்கும்படி மாட்டுங்கள். முன்னால் இருக்கும் ஃபேன், ஓடாத நேரத்தில் எதிர்க்காற்றுக்கு மறைப்பு.

ஷ்ரவுட் இல்லாமல் கோரில் ஒட்டிக் கட்டிய ஃபேன் தன் வட்டத்துக்கு நேராக உள்ள கோரை மட்டுமே குளிர்விக்கும். உங்கள் கோரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 18-க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 324 சதுர அங்குலம். 14 அங்குல வட்டம் 154. மிச்சப் பாதி சும்மா இருக்கிறது. கோரின் முழு முகத்தையும் மூடி, கோருக்கும் இறக்கைக்கும் நடுவில் 40, 50 மி.மீ. இடம் விட்டு, ஓரத்தில் ரப்பர் பீடிங் வைத்து அடைத்த தகரப் பெட்டியை டிங்கர் ஒரு நாளில் செய்து கொடுப்பார். இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். பெரிய பெட்டி 70-ல் போகும்போது காற்றுக்கு முட்டுக்கட்டை ஆகாமலிருக்க, மூலைகளில் பின்னோக்கி மட்டும் திறக்கும் ரப்பர் மடல்கள் இரண்டு மூன்று வைக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்துகளையும் ஃபோம் வைத்து அடையுங்கள்; நிற்கும்போது எஞ்சின் அறைச் சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி கோருக்குள் போகும். பிளாஸ்டிக் டையை இன்றைக்கே வெட்டிவிடலாம். அதிர்வில் அது ஃபின்னை அறுத்துக் குழாயைத் தொட்டு, சில மாதத்தில் சொட்ட ஆரம்பிக்கும். எடையை ரேடியேட்டரின் பக்கச் சட்டம் தாங்கட்டும்.

ஒயரிங்: பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 4 சதுர மி.மீ. ஒயரில் 40 ஆம்பியர் ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) 30-ம் நம்பர் முனை, 87-லிருந்து ஃபேன், ஃபேனிலிருந்து அதே கன ஒயரில் நேராகப் பேட்டரி நெகட்டிவ். சாவி போட்டால் கரண்ட் வரும் லைனை 86-க்கும், 85-ஐ, சூட்டைப் பார்த்துத் தானே போட்டு நிறுத்தும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்கும் கொடுங்கள். டேஷ்போர்டு சுவிட்ச் வேண்டுமானால் தெர்மோ சுவிட்சுக்கு இணையாக, கையால் முன்கூட்டியே போட்டுக்கொள்ள இருக்கட்டும். ஏற்றம் தொடங்கும் முன்பே போட்டுவிடலாம். ஃபின்னுக்குள் செருகும் வகை சென்சார் அந்த ஒரு புள்ளியின் சூட்டை மட்டும் பார்த்துக் குழம்பும். மேல் தொட்டியிலோ தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டிலோ மரை போட்டுத் தண்ணீரில் நனையும் சுவிட்ச் நல்லது. 82 தெர்மோஸ்டாட்டுக்கு 92-ல் போட்டு 87-ல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். நிற்கும் சூடு 82-க்குக் கீழே இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள். அதற்கு எர்த்தே அந்த மரைதான்.

அதுவரை மலை ஏற வேண்டியிருந்தால்: முள் ஏறத் தொடங்கியதும் ஒரு கியர் இறக்கி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள், பம்ப் வேகமாகச் சுற்றும், எஞ்சின் மேல் பாரம் குறையும். அகலமான இடத்தில் ஒதுக்கி, நியூட்ரலில் 1,200, 1,500 சுற்றில் சில நிமிடம் ஓடவிடுங்கள். நீராவி கிளம்பிவிட்டாலோ தண்ணீர் கொட்டிவிட்டாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். சூட்டில் மூடியைத் திறப்பதும், கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறட்டும்.

செய்தித்தாள் எந்தப் பக்கம் பறந்தது, ஃபேன் சுற்றும்போது கப்ளரில் எத்தனை வோல்ட், மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் எத்தனை டிகிரி. இவற்றைப் பார்த்து எழுதுங்கள். முதலாவதே தப்பாக இருந்தால் மற்ற இரண்டையும் அதைச் சரிசெய்த பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருள் இருக்காது.